குரோமியம் வலை கட்டிய இடம்

ராகுலுக்குப் படகில் ஏறினால் வாந்தி வரும். ஏரிக்கரை மீனவ ஊரான கோட்டைக்குப்பத்தில் அதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. மீன்களுக்கு அவன் போடும் சாப்பாடு என்பார்கள். அதனால் அவனுடைய நைனா சிங்காரம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "கெமிஸ்ட்ரி வைவாவுல இந்த வாட்டியும் பெயிலான, திங்கக்கெழமைலேர்ந்து ஏரிக்கு வா."

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள், வகுப்புத் தோழி அர்ச்சனா அவனைக் கல்லூரி கேன்டீனில் உட்கார வைத்தாள்.

"ஆர்பிட்டால்னா அணுவுக்குள்ள எலக்ட்ரான் உக்கார்ற எடம். ஒண்ணுல ரெண்டு எலக்ட்ரான்தான்டா. மூணாவதுக்கு எடமில்ல. ஒரே மட்டத்துல அஞ்சு ஆர்பிட்டால் இருந்தா, மொதல்ல ஆளுக்கொண்ணுல உக்காரும். அப்பறம்தான் ஜோடி சேரும்."

"இது எங்க பாடாச்சே!" என்றான் ராகுல். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. "காலி எடம் இருக்கசொல்ல அடுத்தவன் வலைகிட்ட எவன் போவான்? ஒதைதான் விழும்."

"எலக்ட்ரானும் ஒண்ணையொண்ணு தள்ளும்."

"அப்ப நம்ம ஆளுங்கதான்."

மறுநாள், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் குரோமியத்தின் எலக்ட்ரான் அமைப்பைக் கேட்டார்.

"மூணு டி-ல அஞ்சு எடம், நாலு வலை சார். நாலு எஸ்-ல ஒரே எடத்துல ரெண்டு வலை. இடிச்சிக்கினு இருக்கறதுக்கு, அதுல ஒண்ணு எழுந்து டி-ல காலியா கீற எடத்துக்குப் போய்டும். இப்ப எடத்துக்கு ஒண்ணு. சண்டையில்ல."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வலை எந்தப் பாடப்புத்தகத்தில் வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. விடை சரியாக இருந்தது.

"நைட்ரஜன்?"

"ரெண்டு பி-ல மூணு எடம், மூணு வலை. நாளைக்கு எடம் மாத்திக்கும்."

"ஏன் மாத்தணும்?"

"ஒருத்தனே தெனம் நல்ல எடத்துல கட்டுனா ஊர் சும்மா இருக்குமா சார்?"

"மூணுக்கும் ஒரே ஆற்றல்தாம்பா. நல்ல எடம், கெட்ட எடம்னு கெடையாது."

"அப்டி ஒரு ஏரி கீதா சார்?" என்றான் ராகுல், உண்மையான பொறாமையோடு.

பாஸ்.

அடுத்த ஆளாக வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த அர்ச்சனா, ராகுலின் வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சிங்காரத்திடம் சொன்னாள். அவர் மகனைக் கட்டிக்கொண்டார்.

"பாடு மொத்தமும் தெரிஞ்சி வச்சிக்கினு, தெரியாதவனாட்டம் நடிச்சியாடா? திங்கக்கெழமை நம்ம மொறை. நீதான் வலை கட்ற."

"நைனா, நான் பாஸ்!"

"அதுக்குத்தான்டா கூப்புடறேன்."

உள்ளேயிருந்து அம்மா செல்வம்மாள் ஓர் எலுமிச்சம்பழமும் பெரிய பிளாஸ்டிக் பையும் எடுத்து வந்தாள்.