பத்து நிமிஷம் ஓட வேண்டிய இன்ஜின்

குளிர் ஏற ஏறக் கண்ணாடிக் குழாயில் டீசல் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் லேபில் அவளுக்கு வேலை. பளிச்சென்று இருந்தது மெல்லக் கலங்கும், மெழுகு மெழுகாகக் கட்டும், அப்புறம் குழாயைச் சாய்த்தாலும் அசையாது. பார்க்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம் வந்து தொலைக்கும்.

அப்பா மலைமேல் இருந்த டெப்போவில் பஸ் டிரைவர். குளிர்காலம் வந்தால் டீசல் உறையாமலிருக்க மண்ணெண்ணெய் கலப்பார். கலந்தால் மட்டும் ஆயிற்றா? பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டால்தான் கலவை ஃபில்டர்வரை போய்ச்சேரும். இல்லையென்றால் அங்கே தங்கிய பழைய டீசல் விடிவதற்குள் கட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். டெப்போவுக்கே இதைச் சொல்லிக்கொடுத்த மனுஷன், அவள் அவர் பஸ்ஸிலேயே இந்த வேலைக்கு இன்டர்வியூ கிளம்பிய நாளிலா கோட்டைவிட வேண்டும்! பஸ் நாலு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

வெந்நீரில் துணியை முக்கி முக்கி ஃபில்டரில் சுற்றினார் அப்பா. விரலெல்லாம் சிவந்துபோயிற்று. அவளோ பக்கத்திலேயே நின்று இரண்டு மணி நேரம் வறுத்தெடுத்தாள். "ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்க, பெத்த பொண்ணுன்னா மட்டும் அலட்சியமாப்பா?" அவர் வாயே திறக்கவில்லை. எப்படியோ கடைசி ஆளாக ஓடிப்போய் வேலையை வாங்கிவிட்டாள். முதல் லீவுக்கு அவள் வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

இன்று பரிசோதனைக்கு டீசல் பாட்டிலோடு வந்தவர் டெப்போ மெக்கானிக் மாமா. தலை பூராவும் நரை.

"அன்னைக்கு அப்பாவை என்னா திட்டு திட்டினேன் மாமா! சரியான மறதிக்காரர்" என்று சிரித்தாள்.

"யாரு, அண்ணனா? நல்லா சொன்னே போ! முந்தின நாள் சாயங்காலம் கலந்து ஊத்தி இன்ஜினை ஓடவிட்டுட்டுத்தான் நின்னாரு. அப்பத்தான் நான் உங்க வீட்டு வழியா வந்தேன். அப்பா வந்தாத்தான் சாப்பிடுவேன்னு நீதானே எங்கிட்ட சொல்லி அனுப்பினே? அதைச் சொன்னதுதான் தாமதம், 'நாளைக்கு இந்நேரம் யாருய்யா என்னைக் கூப்பிடப்போறா'ன்னு இன்ஜினை அணைச்சுட்டு ஓடினாரு. ரெண்டு நிமிஷம்கூட ஓடியிருக்காது."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமா பக்கத்தில் நிற்பதையும் மறந்து வாய்விட்டே கேட்டாள்:

"நீ கூப்பிட்டுத்தாம்மா வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"