மழையம்மா வராத மழை

மைசூர் லஷ்கர் மொஹல்லாவில் அந்த வருஷம் ஒரு சாமி வயிற்றுப்பாட்டுக்கு ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தது. பெயர் மாதேவி, வயசு இருபத்தாறு, சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம். தெருவே அவளை மழையம்மா என்று கூப்பிட்டது. அவளைக் கேட்டார்களா? யார் கேட்டார்கள்! சாமியிடம் வரம் கேட்பார்களே ஒழிய, சம்மதம் கேட்கிற வழக்கம் நம் சனத்துக்குக் கிடையாது.

ஆரம்பித்தது இப்படித்தான். ரத்தினசாமியின் பட்டறையில் பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கரித்தூளும் சந்தனத்தூளும் சேர்த்துப் பிசைந்த மாவைப் பலகைமேல் வைத்து மூங்கில் குச்சியில் உருட்டுவார்கள். ஒரு நாள் ஓட்டின் மேல் தூறல் விழுந்தது. மாதேவி அப்படியே உறைந்துபோனாள். கண் திறந்திருக்கிறது, இமை ஆடவில்லை. கை மட்டும் குச்சியை உருட்டிக்கொண்டே இருக்கிறது. நகக்கண்ணில் சிலாம்பு ஏறி ரத்தம் வந்தும் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. தூறல் விட்டதும் திரும்பி வந்து, எல்லாரும் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.

அடுத்த தூறலிலும் இதே கதை. மூன்றாவது தடவை யாரோ ஒருத்தி அவள் நெற்றியில் குங்குமத்தை அப்பிவிட்டாள். மழை பொய்த்த வருஷம் அது. வானம் எப்போதாவது நாலு சொட்டுப் போட்டால் அதையே கொண்டாடினார்கள். அம்மன் வந்தால் மழை வருகிறது என்று பேச்சுக் கிளம்பியது. முதலில் வந்தது மழையா அம்மனா என்று பார்க்க ஒருத்தருக்கும் பொறுமை இல்லை. ரத்தினசாமிக்கோ சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை. மழையம்மா படம் போட்ட ஊதுபத்திக் கட்டுக்கு அச்சுக்கூடத்தில் ஆள்கூடப் பார்த்துவிட்டார்.

மாதேவிக்கு மட்டும் தெரியும். யாரும் வரவில்லை, அவள்தான் போய்விடுகிறாள்.

ஹனூரில் அவள் புருஷன் மல்லப்பன் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். அதற்கென்று தனியாக ஓர் அறை, புழு வீடு என்பார்கள். குழம்பில் உப்புக் கூடினாலும், அவள் அப்பன் வீட்டு ஆள் வந்துபோனாலும், ஒன்றுமே நடக்காவிட்டாலும், அவளை அங்கே இழுத்துப்போய்த் தாழ் போட்டுக்கொண்டு அடிப்பான். ஆறு வருஷம். ஆயிரக்கணக்கான புழுக்கள் முசுக்கொட்டைத் தழையைத் தின்கிற சத்தம் ஓட்டில் தூறல் விழுவதுபோலவே இருக்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவள் உடம்பை விட்டுவிட்டு மேலே ஏறி விட்டத்துக்குப் போய்விடுவாள். கீழே ஒருத்தி அடிவாங்குவாள். பாவம், அவளுக்கு வலிக்கும்போலிருக்கிறதே என்று மேலேயிருந்து பார்ப்பாள்.

மாதேஸ்வரன் மலைத் தேர்க்கூட்டத்தில் நழுவி, நடந்தும் வண்டி ஏறியும் மைசூர் வந்து சேர்ந்தாள். உடம்பு வந்துவிட்டது. ஆனால் எங்காவது தாழ் கிரீச்சிட்டால் நெஞ்சு பதறியது. மல்லாந்து படுக்க முடியவில்லை. அந்த ஆறு வருஷத்தில் இரண்டு வருஷம் என்ன நடந்தது என்றே நினைவில் இல்லை. தூறல் விழுந்தால் விட்டம்தான்.

இதை அவளிடம் கேட்டவள் பக்கத்துப் பலகைக்காரி பசம்மா ஒருத்திதான். மைசூரிலேயே பிறந்தவள், வாய் நீளம். ஊரெல்லாம் என்ன வரம் தருவாய் என்று கேட்டபோது, நீ எங்கேதான் போகிறாய் என்று கேட்டாள். மாதேவி சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபத்தில் உதடு துடித்தது. எனக்குப் பைத்தியமா என்று மாதேவி கடைசியில் கேட்டாள்.

"ஓட வழியே இல்லாத எடத்துல ஓடிக் காட்டினவ நீ. இதா பைத்தியம்? கெட்டிக்காரத்தனம் கணே," என்றாள் பசம்மா, பாதிக் கன்னடத்தில். "ஆனா இப்போ கதவு திறந்திருக்கு. இன்னும் எதுக்குக் கூரை ஏறணும்?"

மறுநாளே பயிற்சி ஆரம்பம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பசம்மா தூறல் சத்தம் வரும்படி முறத்தில் நொய்யைச் சரசரவென்று தூவுவாள். மாதேவி ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்வாள்: இது பலகை, இது கரி, இது மைசூர். முதல் நாள் இரண்டு பிடி நொய்க்கே ஆள் போய்விட்டாள். பதினைந்தாம் நாள் ஒரு படி தாங்கினாள். சிந்துகிற நொய்க்காகத் தெருக்கோழிகள் நேரம் தவறாமல் ஆஜராக ஆரம்பித்தன.

அப்போதுதான் சேதி வந்தது. மழையம்மாவின் கீர்த்தி கொள்ளேகாலம் தாண்டி ஹனூர்வரை போய்விட்டதாம். கருகின காட்டை வைத்துக்கொண்டு தவித்தவர்கள், அம்மன் நம் ஊர் மருமகள்தானே என்று கிளம்பிவிட்டார்கள். மல்லப்பனும் ஊர்ப் பெரியவர் நஞ்சுண்டசாமியும் வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப்போவார்களாம். புருஷன் கூப்பிட்டால் அனுப்பாமல் இருக்க முடியுமா என்று ரத்தினசாமி வாக்குக் கொடுத்துவிட்டார். பட்டறையை விட்டால் அவளுக்குத் தலைசாய்க்க இடமில்லை. போனால் புழு வீடு.

பசம்மா ஒரு யோசனை சொன்னாள். அம்மன் வந்தமாதிரி ஆடி அந்தப் பாவியைச் சபித்துவிடு, ஊரே நம்பும், அலறியடித்துக்கொண்டு ஓடுவான். நல்ல யோசனைதான். மாதேவி மாட்டேன் என்றுவிட்டாள்.

"சாமி சொன்னா அது சாமி சொன்னதா ஆயிரும். பட்டது நானு. நாந்தான் சொல்லோணும்."

நீ சொல்லி அவர்கள் நம்பாவிட்டால் என்று பசம்மா கேட்டாள். நம்பாவிட்டால் போகட்டும் என்றாள் மாதேவி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டறையில் நிற்க இடமில்லை. வானம் கருத்திருந்தது. மாலையும் பட்டுப்புடவையுமாக வந்த மல்லப்பன் நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தான். எத்தனை நாள் அவன் காலைப் பிடித்து இவள் கதறியிருப்பாள்! ஊட்டுக்கு வா தாயே என்றான்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஓட்டில் தூறல் விழவேண்டும்?

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மாதேவிக்குக் காது அடைத்தது. கையும் காலும் யாருடையதோ ஆகிவிட்டன. ஏறிவிட்டால் போதும், பயமில்லை, வலிக்காது. பாதி தூரம் ஏறியும்விட்டாள். இது பலகை, இது கரி என்று சொல்லப் பார்த்தாள், நாக்குப் புரளவில்லை.

தூறலின் சரசரப்புக் கேட்டுக் கோழிகள் வந்துவிட்டன. அவற்றுக்கு இது நொய் விழுகிற வேளை. அம்மனாவது ஆட்டுக்குட்டியாவது, கும்பிட்டு நின்றவர்களின் கால்களுக்கிடையே புகுந்து வந்து ஒரு பெட்டை அவள் கால் விரலை நறுக்கென்று கொத்தியது. வலித்தது. ஐயோ, வலிக்கிறதே! புழு வீட்டுக்குள் கோழியை எவனாவது விடுவானா? இது மைசூர். மாதேவி விட்டத்திலிருந்து இறங்கினாள்.

"எந்திரி மல்லப்பா," என்றாள்.

புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள் அம்மனாகத்தான் இருக்கமுடியும் என்று நஞ்சுண்டசாமி இன்னும் குனிந்தார்.

"நிமுந்து பாருங்க பெரியவரே. சாமியில்லீங்க, மாதேவி பேசறேன். எனக்கு ஒருநாளும் சாமி வந்ததில்ல. இவன் புழு வீட்டுல போட்டு அடிச்ச அடியில, உசுரோட கெடக்கறதுக்கு நான் கத்துக்கிட்டது அது. மழை பேஞ்சா அந்தச் சத்தம் கேக்குது, நான் போயிர்றேன். இன்னிக்கும் மழை பேயுது. நான் போகல. நல்லாப் பாத்துக்கங்க."

இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கத்திக்கொண்டு மல்லப்பன் அவள் மணிக்கட்டைப் பிடிக்க வந்தான். பசம்மா முறத்தோடு குறுக்கே நின்றாள். அவளுக்குப் பின்னால் கரி படிந்த கைகளோடு மற்ற எட்டுப் பெண்களும் எழுந்துவிட்டார்கள்.

தூறல் வலுத்துச் சடசடவென்று கொட்டியது. நஞ்சுண்டசாமி கூரையைப் பார்த்தார், மாதேவியைப் பார்த்தார். அவள் இமைத்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, தெளிவாக அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழைபாட்டுக்கு மழை பெய்தது. அவள் சொன்னதை நம்பினாரோ, இவளால் ஊருக்கு உபயோகமில்லை என்று நினைத்தாரோ, நடடா என்று மல்லப்பனைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். மாலையைக் கோழிகள் கிளற ஆரம்பித்தன.

ரத்தினசாமி, அச்சுக்கூடத்தில் படத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேனே என்று முனகினார். கோழிப் படம் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள் மாதேவி. நாளையும் வேலைக்கு வருவேன், மாதேவியாகத்தான் வருவேன் என்றாள். அவர் அந்தப் பெண்களையும் முறத்தையும் பார்த்துவிட்டு, வா வா என்று தலையாட்டினார்.

அவள் தெருவில் இறங்கினாள். சளி பிடிக்கும், உள்ளே வாடி என்று பசம்மா கத்தினாள். மாதேவி அசையவில்லை. மழை உச்சந்தலையில் விழுந்து பிடரி வழியாக முதுகில் இறங்கியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மழை அவளுக்குக் குளிர்ந்தது.