பழைய நீர்க்கறை

துரீத் ஓய்வு பெற ஒன்பது நாள் இருந்தபோது, ஐவிந்த் ஒரு பை நிறைய ஏலக்காய் பன்னோடு ஆவணக் காப்பகத்துக்கு வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"முடிச்சிட்டேன், துரீத்! நாப்பது பக்கம். மொத நன்றியே உங்களுக்குத்தான்."

பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவன். நாற்பது பக்கமும் ஒரே ஒரு தோல் ஏட்டைப் பற்றியது. எழுநூறு வருடங்களுக்கு முன் ஓஸ்தால் தேவாலயத்தில் இருந்த லத்தீன் பூசைப் புத்தகத்தின் ஏடு. நாடு கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டன்ட் ஆனதும் அந்த மாதிரிப் புத்தகங்களைக் கிழித்து வேறு புத்தகங்களுக்கு அட்டையாகப் போட்டார்கள். அப்படி ஓர் அட்டையாகக் கிடந்து தப்பித்தது இது. கீழ்ப்பாதியை வாசிக்கலாம். மேல்பாதி வெளுத்துக் கிடக்கிறது. முப்பத்தோரு வருடத்துக்கு முன் அதற்கு விவரக்குறிப்பு எழுதியவள் துரீத்: 'மேல்பாதி: பழைய நீர்க்கறை.'

"அந்த ஒரு வரிதான் எனக்குப் பிடி குடுத்துச்சு. ஓஸ்தால்ல ஆத்து வெள்ளம் கோயிலுக்குள்ள பூந்திருக்கு. இந்த ஏடுதான் சாட்சி! வர்ற ஞாயித்துக்கிழம ஊர்க்காரங்க அந்த வெள்ளத்துக்கு நினைவுக்கல் வைக்கிறாங்க. நீங்கதான் தெறந்து வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

துரீத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

வெள்ளமாவது மண்ணாவது. ஓர் எனாமல் பேசின், அதில் வெந்நீர். அன்று மேலதிகாரி விடுமுறை முடிந்து திரும்புவதற்குள் ஏட்டில் ஒட்டியிருந்த பசையை எடுத்துவிட அவளுக்கு அவசரம். மேல்பாதியை நனைய விட்டுக் காப்பி குடிக்கப் போனாள். யாரோ பேச்சுக் கொடுத்தார்கள், இவளும் பேசினாள். திரும்பி வந்தபோது தண்ணீர் ரோஜா நிறத்தில் இருந்தது. அதைத் தொட்டியில் கொட்டினாள், பேசினைத் துடைத்து வைத்தாள், உட்கார்ந்து 'பழைய' என்று எழுதினாள். அப்போது அவளுக்குக் கை நடுங்கக்கூட இல்லை. அதுதான் இப்போது உடம்பைக் கூச வைத்தது.

ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பூச்செண்டோடு வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஊரே ஒரு பேசின் தண்ணீருக்குக் கல் நட்டுக் கும்பிடப் போகிறதே!

"ஐவிந்த், அது வெள்ளம் இல்ல. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். காது மடல் வரை எரிந்தது. நாற்பது பக்கமும் போச்சு, திட்டித் தீர்க்கப்போகிறான் என்று கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள். அவன் கடித்த பன்னைக் கீழே வைத்தான். பிறகு திடீரென்று நிமிர்ந்தான்.

"அப்போ அழியறதுக்கு முன்னாடி நீங்க பாத்திருக்கீங்க!"

"என்ன?"

"தண்ணி ரோஜா நெறமாச்சுன்னா கரைஞ்சது செவப்பு மை. செவப்பு மையில எழுதியிருந்தா அது திருநாள் தலைப்பு, துரீத்! எந்தப் புனிதரோட பூசைன்னு அதுலதான் இருக்கும். கல்லு கெடக்கட்டும், இது அத விடப் பெருசு. ஒலகத்துலயே பாத்தது நீங்க ஒருத்தர்தான். பேர் என்ன?" அவன் பேனாவைத் திறந்துவிட்டான்.

ஏட்டைத் தொடுமுன் எழுத்தைப் படியெடு. காப்பகத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே துரீத் தலையில் குட்டிச் சொல்லும் விதி அது.

"படிக்கல," என்றாள். "எடுத்து அப்படியே தண்ணியில போட்டேன்."

ஐவிந்த் பேனாவை மூடவில்லை. யோசித்தால் ஓர் எழுத்தாவது அவளுக்கு ஞாபகம் வரும் என்று இன்னும் காத்திருந்தான்.