நூற்றுக்கு இருபத்தைந்து வெள்ளி

பொங்கியண்ணனின் இடது தோளில் எலும்பு தெரிய ஆரம்பித்ததும் டிப்போவில் அவரைப் பூச்சுக்கு அனுப்பினார்கள். டவுன் பஸ் கண்டக்டர்கள் பத்து வருடச் சர்வீஸில் எந்தப் பக்கமாவது தேய்ந்துவிடுவது வழக்கம். கூட்டத்துக்குள் முன்னும் பின்னும் போய்வருவதில் சிலருக்குத் தோள் போகும், சிலருக்கு இடுப்பு. டிரைவர்கள் உட்கார்ந்தபடியே தேய்கிறவர்கள் என்பதால் வெளியே தெரியாது.

பூச்சுக்கூடம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஷாஹிதா அவரைக் காற்றில்லாத அறையில் நான்கு மணி நேரம் படுக்கவைத்து, உடம்பு முழுக்க நைட்ரைடு என்ற உலோகப் பூச்சைப் பூசினாள். வெளியே வந்தபோது மங்கிய தங்க நிறத்தில் இருந்தார்.

“இரும்பை விடக் கெட்டிண்ணா. இனிமே நீங்க தேய மாட்டீங்க,” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அவர் தேயவில்லை. அவர் உரசிக்கொண்டு போனவர்கள் தேய்ந்தார்கள். முதலில் சட்டை கிழிந்தது, பிறகு தோல் போனது. பயணிகள் குறை சொல்லாமல் ஒதுங்கி நின்றார்கள். வீட்டில் ஒதுங்க இடமில்லை. ஒற்றை அறையில் அவரும் மனைவி மயிலாத்தாளும் இருந்தார்கள். சோறு வைக்கும்போது கை படும், தண்ணீர் கொடுக்கும்போது விரல் படும். இரண்டு மாதத்தில் அவளுடைய வலது கை முருங்கைக்காய் போல ஆகிவிட்டது. வளையல் நிற்காததால் நூல் போட்டுக் கட்டிக்கொண்டாள்.

பொங்கியண்ணன் பாயைச் சுவரோரம் தள்ளிப் போட்டார். அவள் பின்னாலேயே வந்து படுத்தாள்.

“தேயறதுக்குப் பயந்துட்டா உங்களக் கட்டிக்கிட்டு வந்தேனுங்க?” என்றாள்.

மறுநாளே அவர் ஷாஹிதாவிடம் போனார்.

“கெட்டியான பூச்சு அப்படித்தாண்ணா, எதிர்ல இருக்கறதத் தின்னுடும். வெள்ளி கலந்து பூசலாம், வழுக்கிட்டுப் போகும். ஆனா உடம்பு சூடானாத்தான் வெள்ளி உள்ளேருந்து மேல வரும்,” என்றாள். நூற்றுக்குப் பத்து கலந்தாள்.

அதிலிருந்து அவர் வேலை முடிந்து வந்ததும் அடுப்பருகே உட்காருவார். கழுத்தில் வெள்ளி வேர்வை போலத் துளிர்க்கும். அதன் பிறகுதான் மனைவியைத் தொடுவார். கை அவள்மேல் எண்ணெயில் போவது போலப் போகும். அந்த ஆறு மாதம் அவள் தேயவே இல்லை. ஒருநாள் சந்தைக்கு இருவரும் கைகோத்துப் போனார்கள்.

மேலே வந்த வெள்ளி உள்ளே திரும்புவதில்லை. அது இருந்த இடமெல்லாம் ஓட்டையாகி, ஓட்டையின் ஓரங்கள் அரம் போல நின்றன. ஆடி மாதம் ஒரு சாயங்காலம், அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டார். கன்னமும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது. மயிலாத்தாள் அந்த இடத்தில் ஒரு துணியை வைத்துக் கட்டிக்கொண்டு, மிச்ச மாவை அரைத்து முடித்தாள். பொங்கியண்ணன் உள்ளங்கையை நெடுநேரம் மூடியே வைத்திருந்தார்.

“மூணாவது பூச்சுதான் கடைசிண்ணா. அதுக்கு மேல உடம்பு பிடிக்காது. எவ்வளவு வெள்ளி போடட்டும்?” என்று ஷாஹிதா கேட்டாள்.

“அவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. அந்த அளவுக்குப் போடு.”

“நூத்துக்கு இருபத்தஞ்சு போட்டா அடுப்புகூட வேண்டாம். ஆனா பூச்சு மெத்துன்னு ஆயிடும். நீங்க கரைஞ்சு போயிடுவீங்க.”

“எத்தனை நாளைக்கு வரும்?”

“கூட்டத்தைப் பொறுத்தது.”

“போடு,” என்றார்.

வீட்டில் அவர் எதுவும் சொல்லவில்லை. அவர் நெஞ்சில் கை வைத்த மயிலாத்தாள் தன் விரல்நுனியைப் பார்த்தாள். பென்சில் கரி போலச் சாம்பல் நிறத்தில் அவர் ஒட்டியிருந்தார். அன்று முதல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தாள்.

“லீவு போடுங்க. வீட்டுலயே இருங்க,” என்றாள்.

“வீட்டுல இருந்தா உன்னாலதான் தேயோணும். அந்தப் பழி உனக்கெதுக்கு? பஸ்ஸுலன்னா யாருன்னு தெரியாது.”

அவள் டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்தாள்.

ஐப்பசி முகூர்த்த நாட்களில் பஸ் பிதுங்கியது. முதல் வாரம் காதுகள் போயின. பிறகு தோள்கள் போயின. காக்கிச் சட்டையை மயிலாத்தாள் நான்கு முறை பிடித்துத் தைத்தாள். கடைசி நாளில் டிக்கெட் கிழிக்கும் இரண்டு விரலும் குரலும் இருந்தன. ரயில்வே கேட் நிறுத்தத்தில் நாற்பது பேர் ஏறினார்கள்.

மறுநாள் காலை அந்தத் தடத்தின் பயணிகளில் ஆறு பேர் டிப்போவுக்கு வந்தார்கள். எல்லோர் சட்டையிலும் லேசாக வெள்ளி மினுங்கியது. வருகைப் பதிவேட்டின் முன் வரிசையாக நின்று ஆளுக்கொரு எழுத்தாக அவருடைய கையெழுத்தைப் போட்டார்கள். கடைசியாக நின்ற மயிலாத்தாளுக்கு ‘ன’ வந்தது. எழுதிவிட்டு நகர்ந்தாள்.

“புள்ளி வைக்கலீங்க,” என்றார் கிளார்க்.

அவள் திரும்பி வந்து புள்ளி வைத்தாள். எல்லோரும் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். அரைமணி நேரத் தாமதம் என்று கிளார்க் குறித்துக்கொண்டார்.