கூடமே கோணல்

நான் கோபக்காரன். அஞ்சலை வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அவள் என் மனைவி. அவள் சொன்னால் உதாரணங்களோடு சொல்வாள்.

பதினோரு வருஷம் மலாக்கா டவுனில் ஒரு பெரிய கார் பட்டறையில் தகரம் தட்டினேன். நசுங்கிப்போன மட்கார்டைக் கொடுத்தால் புதுசு மாதிரி திருப்பிக் கொடுப்பேன். ஆனால் தட்டிய கதவை வண்டியில் ஏற்றி, சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக நிற்கும்படி பொருத்துவது ஃபோர்மன் பொன்னுதுரையின் வேலை. யாழ்ப்பாணத்து மனிதர், கெட்டிக்காரர். அதை அவரும் மறக்கமாட்டார், நம்மையும் மறக்க விடமாட்டார். ஒருநாள் அவர் இல்லாத நேரம் நானே ஒரு கதவைப் பொருத்திப் பார்த்தேன். உட்காரவில்லை. வண்டியின் அடிச்சட்டம் வளைந்திருக்கிறது என்று சாக்குச் சொன்னேன்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றார் பொன்னுதுரை.

பட்டறையே சிரித்தது. சுத்தியலைப் போட்டுவிட்டு வெளியே நடந்தேன். அவர் வாசல்வரை வந்து, ஆகஸ்ட் கடைசிவரை என் இடம் காலியாக இருக்கும், அதற்குள் புத்தி வந்தால் திரும்பி வரலாம் என்றார். அது 1957 ஜூன் மாதம். அங்கே திரும்பிப் போவதைவிட ரப்பர் எஸ்டேட்டுக்குப் போய் அப்பாவைப் போலப் பால்மரம் வெட்டலாம் என்று சபதம் போட்டேன்.

டவுனை ஒட்டிய காஜா பேராங்கில் என் மாமனார் மாடு வைத்துப் பால் ஊற்றிய கொட்டகை சும்மா கிடந்தது. சிமெண்டுத் தரை, தகரக் கூரை. அங்கே சொந்தப் பட்டறை என்று பலகை எழுதி மாட்டினேன். இரண்டு வாரம் சைக்கிள் மட்கார்டுகள்தான் வந்தன. பிறகு பக்கத்துக் கம்போங் செட்டியிலிருந்து சந்திரமதி அம்மா வந்தார்.

பல தலைமுறைக்கு முன்னே வந்து தங்கிவிட்ட மலாக்காச் செட்டிகள் அவர்கள், வீட்டில் பேச்செல்லாம் மலாய்தான். சாமியும் திருநீறும் மட்டும் நம்மைப் போல. அவருடைய அப்பா 1933இல் வாங்கிய நாலு கதவுக் கார் ஒன்று வீட்டுக்குப் பின்னால் நின்றது. ஜப்பான்காரன் பிடுங்கிக்கொள்ளக் கூடாதென்று சக்கரங்களைக் கழற்றி ஒளித்துவைத்திருந்தார்கள். அன்றிலிருந்து அதற்குள் கோழிகள் குடும்பம் நடத்தின. ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி மெர்டேக்கா, அதாவது சுதந்திர தின ஊர்வலத்தில் அப்பாவின் காரில் போக வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. பொன்னுதுரை வந்து பார்த்து, எஞ்சினை ஓட வைக்கலாம், இந்த உடம்பில் இனிக் கதவு ஒழுங்காக மூடாது என்று சொல்லிவிட்டாராம்.

"போலே கா?" என்று என்னிடம் கேட்டார். முடியுமா என்று.

அவர் கேட்டு முடிப்பதற்குள் "போலே" என்றேன். எனக்குக் கைக்கு முன்னால் வாய் வேலை செய்யும்.

பழைய வண்டிக்கு மரச் சட்டத்தின் மேல் தகரம் போர்த்திய உடம்பு. அதை இரும்பு அடிச்சட்டத்தின் மேல் எட்டு இடத்தில் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். ஒளித்த சக்கரங்களை மாட்டி வண்டியைக் கொட்டகைக்கு இழுத்து வந்தோம், எஞ்சினை அந்த அம்மாவின் தம்பி பார்த்துக்கொண்டார். நான் உளுத்த மரத்தை மாற்றினேன், தகரத்தைத் தட்டி நேராக்கினேன், கதவுகளை ஏற்றினேன். அப்போது ஒரு சென் காசு சதுரமாக இருக்கும். அதில் இரண்டை ஒட்டிப் பிடித்து, கதவின் விளிம்பைச் சுற்றி இழுப்பேன். எங்கும் சிக்காமல், எங்கும் தொளதொளக்காமல் ஓட வேண்டும். கீலுக்கு அடியில் தகடு வைப்பேன், எடுப்பேன், மறுபடி வைப்பேன். ஆகஸ்ட் 28ஆம் தேதி நாலு கதவிலும் காசு வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அஞ்சலையைக் கூப்பிட்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு கதவாக மூடிக் காட்டினேன்.

மறுநாள் காலை, பாலிஷ் போட வண்டியைச் சந்துக்குத் தள்ளி நிறுத்தினோம். இடது முன் கதவைத் திறந்து மூடினேன். மூடவில்லை. மேல் மூலை இடித்தது. அங்கே ஒரு காசுகூட நுழையவில்லை, கீழே என் கட்டை விரலே நுழைந்தது.

இரண்டு நாள்தான் இருந்தது. எனக்குக் கண் சிவந்துவிட்டது. அரத்தை எடுத்துக்கொண்டு, இடிக்கிற மூலையை ராவித் தள்ளிவிடுவது என்று போனேன். அஞ்சலை கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ராவினது திரும்ப முளைக்காதுங்க" என்றாள். "உள்ள இருந்தப்ப மூடுச்சு, வெளிய வந்ததும் மூடல. கதவா மாறிச்சு? இடந்தானே மாறிச்சு?"

அவள் அப்பா கொட்டகைத் தரையை மட்டமாகப் போடவில்லையாம். மாட்டு மூத்திரம் ஓடுவதற்காக ஒரு மூலையை மட்டும் பள்ளமாக இறக்கியிருந்தாராம். கேட்டதும் என் கோபம் இரட்டிப்பானது. தரை கோணல் என்று நான் போய்ச் சொன்னால் பொன்னுதுரை எந்தப் பழமொழியைச் சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? உலகத்தில் வேறு எந்தக் காரணமானாலும் ஒப்புக்கொள்வேன், இதை மாட்டேன் என்று கத்தினேன்.  ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டகை நடுவில் ஊற்றினாள்.

தண்ணீர் யாரையும் கேட்காமல் இடது முன் மூலைக்குப் போய்த் தேங்கியது. இரண்டு மாதமாக அந்தச் சக்கரம் நின்ற இடம் அது.

அந்தக் குட்டையைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ஒரு சக்கரம் பள்ளத்தில் நின்றதால் அடிச்சட்டம் லேசாக முறுக்கிக்கொண்டது. அதோடு சேர்ந்து உடம்பும் முறுக்கிக்கொண்டது. அந்த முறுக்கலுக்குத்தான் நான் இத்தனை அழகாகக் கதவு பொருத்தியிருக்கிறேன். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அஞ்சலையைக் கேட்டேன். தினமும் தரை கழுவுகிறவளுக்கே தெரிகிறது, பட்டறைக்காரருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தாளாம். வெட்கமாக இருந்தது. ஆனால் எங்கே தப்பு என்று தெரிந்துவிட்ட சந்தோஷம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

வண்டியை உள்ளே தள்ளினோம். மட்டம் பார்க்க ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை அஞ்சலை பிடிக்க, மறு நுனியை நான் பிடித்து, நாலு சக்கரமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை பள்ளத்துச் சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்தோம். எட்டு போல்ட்டையும் தளர்த்தி, பழைய டயரை வெட்டிய துண்டுகளை உடம்புக்கு அடியில் கூட்டியும் குறைத்தும் வைத்தேன். வண்டியின் பின்பக்க உடம்பு அசையாதது, அதனால் அதை ஒட்டிய பின் கதவில் தொடங்கினேன். அது சரியானதும் அதைப் பார்த்து முன் கதவு, அதைப் பார்த்துக் கடைசியில் பானெட். முப்பதாம் தேதி மாலை வண்டியைச் சந்துக்குத் தள்ளினோம். இந்த முறை அஞ்சலைதான் காசை இழுத்தாள். நாலு கதவையும் சுற்றி வந்துவிட்டு, அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முப்பத்தொன்றாம் தேதி ஊரெல்லாம் கொடி. சந்திரமதி அம்மா மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டை உடுத்திப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தம்பி வண்டியை ஓட்ட, நாங்கள் இருவரும் பக்கத்தில் நடந்தோம். சாலை முனையில் ஊர்வலம் கொஞ்சம் நின்றபோது, கூட்டத்திலிருந்து வெள்ளைச் சட்டையில் பொன்னுதுரை வந்தார். என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார். இடது முன் கதவைத் திறந்து மூடினார். க்ளக் என்று ஒரே சத்தம். அஞ்சலை முந்தானையை அவிழ்த்து இரண்டு காசையும் நீட்டினாள். அவர் வாங்கி, குனிந்து, நாலு கதவையும் சுற்றி இழுத்தார். எங்கும் சிக்கவில்லை.

"எந்தக் கதவில தொடங்கினனீர்?" என்று கேட்டார்.

"பின் கதவுல, ஐயா. முதல்ல தரையை மட்டம் பார்த்துட்டு."

காசைத் திருப்பி என் கையில் வைத்தார். 

"உம்மட இடத்துக்கு நான் வேற ஆளைப் பாக்கிறன்" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது.

வண்டி நகர்ந்தது. ஊரே கத்தியது. நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். அஞ்சலை என் சட்டையைப் பிடித்து இழுத்து, நாளைக்கு முதல் வேலையாகத் தரையைச் சரிசெய்யுங்கள் என்றாள்.