ஒரு டின் எண்ணெயும் ஆடிட்டர் மச்சானும்

ஒரு தள்ளுவண்டி நிறைய மளிகைச் சாமானை எடுத்துக்கொண்டு, போதாததற்குக் கடைக்காரன் கையாலேயே காசும் வாங்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து முன்வாசல் வழியாக வெளியே வந்தவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். நான் வெளியேறியபோது கண்ணாடிக் கதவுகள் இரண்டும் மரியாதையோடு தாமாக விலகி வழிவிட்டன. மேனேஜருக்குக் கண்ணில் நீர் முட்டியது. வரிசையில் நின்ற கூட்டம் கை தட்டியது. திருட்டும் இல்லை, புரட்டும் இல்லை. எல்லாம் கூப்பன்.

"அந்தக் கதவு பூனை போனாலும் திறக்கும்" என்பாள் என் மனைவி. அவளைப் பேச விட்டால் கதை வளராது.

நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் காலத்தில் நான் கிழித்த டிக்கெட்டுகளை வரிசையாக ஒட்டினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். ஓய்வு பெற்ற பிறகு விரல்கள் சும்மா இருக்க மறுத்தன. காலையில் பேப்பரோடு வந்த கடை விளம்பரத்தில், சுற்றிலும் புள்ளிக்கோடு போட்ட ஒரு கூப்பனைப் பார்த்தேன். கத்தரிக்கோல் எதற்கு? மடித்து, நகத்தால் அழுத்தி, ஒரு இழு. கோடு பிசகாமல் கையோடு வந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

பழைய தோல் பையைத் தூசி தட்டி எடுத்தேன். நோட்டு வைத்த அறைகளில் சோப்பு, எண்ணெய், பிஸ்கட் என்று இனம் பிரித்த கூப்பன்கள். சில்லறை போட்ட அறையில் இன்றோ நாளையோ காலாவதியாகப் போகிறவை. காலைச் சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு நான் கிழிப்பேன், அவள் தேதி பார்த்துச் சொல்வாள். பிறகு இரண்டு பேரும் கடைக்கு நடப்போம். வேலையில் இருந்தவரை அவள் எழுந்திருக்கும் முன்பே முதல் பஸ்ஸுக்கு ஓடியவன் நான். ஒரு முழுக் காலைப்பொழுதில் என் மனைவி எத்தனை பேச்சுப் பேசுவாள் என்பதே ஓய்வுக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். ரேடியோ தோற்றது.

இப்படிச் சேர்ந்த சாமான் எல்லாம் பின்னறைக்குப் போயிற்று. அங்கே இருக்கிற பற்பசையைக் கொண்டு ஒரு யானைக் கூட்டம் ஆயுசுக்கும் தந்தம் விளக்கலாம். சலவைத்தூள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த அறைக்குத்தான் முழங்கால் ஆபரேஷன் முடிந்து மச்சான் வந்து சேர்ந்தார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கணக்குத் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடும். மகன் வேலையாக வெளியூர் போயிருந்ததால், கால் தேறும்வரை தங்கச்சி வீடு. சலவைத்தூளுக்கும் ஷாம்பூவுக்கும் நடுவே ஒரு கட்டிலைச் செருகிப் படுக்க வைத்தோம்.

"மாப்பிள்ளை, என் தலைமாட்டுல இவ்வளவு ஷாம்பூ எதுக்கு?"

"தாராளமா எடுத்துக்கங்க மச்சான். உங்களுக்கு இல்லாததா?"

மச்சான் தலையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கிக் கீழே விழும். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். சரியாகத்தான் நினைத்தார்.

படுத்துக் கிடக்கிற ஆடிட்டருக்கு வேறு என்ன வேலை? எங்களை நோட்டம் விட்டார். நான் கிழிப்பதை, அவள் தேதி பார்ப்பதை, இருவரும் கிளம்புவதை, திரும்புவதை, எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். ஒரு நாள் கம்பை ஊன்றிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கே வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, நீங்க மிச்சம் பிடிக்கல. நஷ்டத்துல ஓடறீங்க."

"எப்படி?"

"உங்க நேரத்துக்கு விலை இல்லையா? என் பையனோட கிடங்குல கேட்டுக்கு ஆள் வேணும். நாற்காலி, மின்விசிறி, வர்ற லாரிக்கு ஒரு சீட்டு கிழிச்சுக் குடுத்தா போதும். உங்களுக்குப் பிடிச்ச வேலைதான். அங்க ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலியோ, அதுதான் உங்க நேரத்தோட விலை. கிழிக்கிற நேரம், நடக்கிற நேரம், வரிசையில நிக்கிற நேரம், எல்லாத்தையும் அதால பெருக்கிப் பாருங்க. இந்த சோப்பு தங்க விலைக்கு வரும்."

"அண்ணா," என்றாள் என் மனைவி, "நடக்கிற நேரம்னா, இவர் என்கூட நடந்து வர்ற நேரமா?"

"ஆமா."

"அதுக்கும் கூலி போட்டிருக்கியா?"

"நேரம் நேரம்தானேம்மா."

"என்கூட நடக்கிறதுக்கு இவருக்குக் கூலி குடுக்கணும்னா, இத்தனை வருஷம் இவருக்குச் சமைச்சுப் போட்டதுக்கு நான் பில் போடவா? எடுத்துட்டு வா உன் பேனாவை."

ஆடிட்டர் நடக்கிற நேரத்தைக் கணக்கிலிருந்து கோடு போட்டு அடித்தார். வாழ்க்கையில் அவர் ஒரு கணக்கை அடித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் மற்றதில் பிடி தளரவில்லை. பேச்சு வளர்ந்து பந்தயத்தில் முடிந்தது.

சனிக்கிழமை கடையில் இரட்டிப்பு நாள். அன்றைக்கு ஒவ்வொரு கூப்பனுக்கும் இரு மடங்கு கழிவு. அந்த வாரம் முழுக்க நான் கூப்பனில் செலவழிக்கும் நேரத்துக்குக் கிடங்குக் கூலி போட வேண்டும். சனிக்கிழமை பில்லில் நான் பிடிக்கும் மிச்சம் அதைவிடக் கூடுதலாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை குடும்பம் மொத்தமும் கூடும் சாப்பாட்டு மேஜையில் ஆடிட்டர் தன் வாயால் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறைந்தால் தோல் பை குப்பைக்கு. பின்னறை காலி. திங்கட்கிழமை முதல் நான் கிடங்கு வாசலில் நாற்காலியில்.

விளையாட்டாகத்தான் கை கொடுத்தேன். அப்புறம் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த அவளைப் பார்த்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாற்காலி, மின்விசிறி எல்லாம் இருக்காமே" என்றாள். "நல்லாத்தான் இருக்கும்."

நான் தோல் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். ஆடிட்டர் ஒரு கையில் கம்பு, ஒரு கையில் நேரம் ஓடுகிற செல்போன், சட்டைப் பையில் சிவப்புப் பேனா. அந்தப் பேனா இல்லாமல் அவர் குளிக்கக்கூடப் போவதில்லை.

நான் அன்றைக்குக் கடைக்குள் தள்ளுவண்டி ஓட்டிய வேகத்தைப் பார்த்திருந்தால் கார் பந்தயக்காரர்கள் வேலையை விட்டிருப்பார்கள். சலவைத்தூள், பற்பசை, டீத்தூள், பிஸ்கட், தரை துடைக்கிற திரவம். கை போகும் இடத்தில் சாமான், சாமான் விழும் இடத்தில் கூப்பன். மொத்த பில்லிலும் பெரிய தொகை கழிகிற ராஜா கூப்பன் ஒன்று பையின் அடியில் பத்திரமாக இருந்தது. அதைச் சேர்த்தால் ஆடிட்டரின் கூலி என் காலடியில். வரிசையில் எனக்கு முன்னால் ஒரே ஒரு ஆள்.

"ஏங்க," என்றாள் மனைவி, "வீட்டுல எண்ணெய் தீர்ந்துபோச்சு."

"எண்ணெய்க்கு இன்னைக்குக் கூப்பன் இல்லையே!"

"கூப்பன் இல்லேன்னா நாளைக்கு எல்லாருக்கும் எதுல பொரிக்கிறது? சலவைத்தூள்லயா?"

கூப்பன் இல்லாமல் சாமான் வாங்குவது என்பது எனக்கு மயக்க மருந்து இல்லாமல் பல் பிடுங்குவது மாதிரி. ஆனாலும் ஓடினேன். எண்ணெய் கடைசி வரிசையில், கடைசி மூலையில், அடுத்த நாட்டு எல்லைக்கு அருகில் இருந்தது. ஆடிட்டர் கம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். நான் டின்னைத் தூக்கும்போது அவர் வழக்கம்போல் அலமாரிச் சீட்டில் இருந்த விலையைப் படித்துக்கொண்டிருந்தார். எண் எங்கே இருந்தாலும் படிப்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் நாற்காலிக்குக் கீழே எழுதியிருக்கிற எண்ணைப் படிப்பார்.

திரும்பி வந்தபோது வரிசை நீண்டு கிடந்தது. செல்போனில் நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் பையைத் துழாவித் துழாவி, தன் கொள்ளுத்தாத்தா காலத்து நாணயத்தை எல்லாம் வெளியே எடுத்தாள்.

என் முறை வந்தது. கல்லாவில் இருந்த பெண் கூப்பன்களை ஒவ்வொன்றாக இயந்திரத்தில் காட்ட, திரையில் தொகை ஏணி இறங்குவது மாதிரி இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ராஜா கூப்பன். தடால்! மீதி இருந்த கொஞ்சத்தைக் கட்டினேன். அந்த டின் எண்ணெயின் விலைகூட ஆகவில்லை.

"எங்க சார் இந்த வித்தையைக் கத்துக்கிட்டீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"ஃபுட்போர்டுல நின்னுக்கிட்டு" என்றேன்.

ஆடிட்டர் பில்லை வாங்கினார். செல்போனை நிறுத்தினார். பேனாவால் ஓரத்தில் பெருக்கினார், கழித்தார், மறுபடியும் கழித்தார்.

"மாப்பிள்ளை, ஒரு சோப்பு விலை இடிக்குது."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். எண்ணெய்க்கு ஓடினீங்க பாருங்க, அந்த நேரம். அது இல்லேன்னா ஜெயிச்சிருப்பீங்க."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. சாமான்களைப் பைக்குள் அடுக்கினாள். எண்ணெய் டின்னை மட்டும் எடுக்காமல் மேஜையிலேயே விட்டாள். தோளில் தொங்கிய தோல் பை எனக்கு அப்போது டின்னைவிடக் கனத்தது.

"நாற்காலியில குஷன் உண்டா மச்சான்?" என்று கேட்டேன். சிரிக்கத்தான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

ஜெயித்த மனிதர் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே? முடியவில்லை. அவர் கையில் ஒரு பில்லைக் கொடுத்தால் மேலிருந்து கீழ்வரை சிவப்புப் பேனா போய்த்தான் ஆக வேண்டும். மூச்சு விடுவது மாதிரி அது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு சின்ன டிக். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். டிக், டிக் என்று இறங்கிய பேனா எண்ணெயில் நின்றது.

அவர் முகம் மாறியது. டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் பேசாமல் பில்லை மடித்திருந்தால் இந்த உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. பேனாவை மூடக்கூட மூடினார். பிறகு திறந்தார்.

"இந்த பில் தப்பு" என்றார்.

"சார்?" என்றாள் கல்லாப் பெண்.

"அலமாரியில எண்ணெய்க்குச் சலுகை விலை போட்டிருக்கு. பில்லுல பழைய விலை ஏறியிருக்கு."

"அப்போ வித்தியாசத்தைத் திருப்பித் தர்றேன் சார்."

"வித்தியாசம் இல்லம்மா." கம்பைத் தூக்கி அவள் தலைக்கு மேல் தொங்கிய பலகையைக் காட்டினார். அலமாரி விலையும் பில் விலையும் வேறாக இருந்தால் அந்தப் பொருள் உங்களுக்கு இலவசம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. வருஷக்கணக்காக அதன் அடியில் நின்றிருக்கிறேன், படித்ததில்லை. அதில் கூப்பன் இல்லையே.

மேனேஜர் வந்தார். "இவ்வளவு கூப்பன் போட்ட பில்லுக்கு இலவசமும் குடுக்க முடியாதுங்க."

"பலகையில அப்படி எழுதலையே" என்றார் ஆடிட்டர். "அடியில சின்ன எழுத்து இருக்கான்னும் பார்த்துட்டேன். இல்ல. எண்ணெய்க்கு இவர் கூப்பனும் போடல. நீங்க போய் அலமாரியைப் பாருங்க. நான் இங்கயே நிக்கிறேன். முழங்கால் புதுசு, தாங்கும்."

மேனேஜர் அடுத்த நாட்டு எல்லைவரை போய், சலுகைச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். அவர் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கும். கல்லா திறந்தது. டின் எண்ணெயின் முழு விலையும் வெளியே வந்தது. நான் கட்டியதைவிட அது அதிகம். ஆடிட்டர் வாங்கி, எண்ணி, என் கையில் வைத்தார்.

"ஒரு சோப்பு விலை இடிச்சுதே மச்சான், இப்ப?"

"வீட்டுக்கு நடங்க" என்றார்.

என் மனைவி எண்ணெய் டின்னை எடுத்து, குழந்தையை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மேஜையைச் சுற்றி எல்லாரும் இருந்தார்கள். மகள், மருமகன், மச்சானின் மகன், அவன் மனைவி. நான் கதையை எடுத்து விட்டேன். கதவு, கண்ணீர், கைத்தட்டல் எதையும் விடவில்லை. மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா, கடைக்காரன் உங்களுக்குக் காசு குடுத்தானா? யார் காதுல பூ சுத்தறீங்க?"

"மாமா, கிடங்குல நாற்காலி ரெடியா இருக்கு" என்றான் மச்சானின் மகன். "நாளைக்கு வந்துடுங்க. இந்தக் கதையை லாரிக்காரங்களுக்குச் சொல்லலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஆடிட்டரைப் பார்த்தேன். என் மனைவி பரிமாறுகிற கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் வாயில் இருந்ததை மென்று முடித்து, தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமினார்.

"கதவு எல்லாருக்கும் திறக்கும்" என்றார். "மேனேஜர் அழல, அவருக்கு ஜலதோஷம். கை யாரும் தட்டல, பின்னால நின்னவர் பையை உதறினார்."

"சொன்னேனில்ல!" என்றாள் மகள்.

"இரும்மா, நான் இன்னும் முடிக்கல." சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்து மேஜைமேல் விரித்தார். எண்ணெய் வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "காசு குடுத்தாங்க. நான்தான் எண்ணி வாங்கினேன். டேய், அந்த நாற்காலிக்கு வேற ஆளைப் பார். நடந்தது நடந்ததுதான்."