போனைப் பிடித்தவள்

டிரைவருக்கு இடது பாதத்தில் புண். சுண்டுவிரலுக்குக் கீழே ஆரம்பித்து உள்ளங்கால்வரை பரவிவிட்டது. சர்க்கரை உடம்பு, வலி தெரியாது. வலிக்காத புண் புண்ணே இல்லை என்பது அவர் கட்சி. அவர் ஷூவைக் கழற்றும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறப்பது அவர் மனைவியின் வேலை.

பஸ் கம்பெனி தன் டிரைவர்களுக்கென்று ஒரு ஆப் வைத்திருந்தது. டாக்டரம்மா வீடியோவில் வந்து உடம்பைப் பார்ப்பார். வசதிதான், யார் இல்லையென்றது? ஆனால் அவர் பார்ப்பதெல்லாம் மேனேஜருக்கும் போய்விடும் என்பது டிப்போவில் ஊரறிந்த ரகசியம். கண் மங்குகிறது என்று உள்ளதைச் சொன்ன ஒருவர் இப்போது பஸ் கழுவுகிறார்.

“புண்ணு தெரிஞ்சா மேனேஜர் பஸ் சாவிய வாங்கி வச்சிருவான். நல்ல காலயே காட்டு,” என்றார் டிரைவர் மனைவியிடம்.

“காலே போயிட்டா சாவிய வச்சு என்ன பண்ணுவீங்க?”

“வாய மூடிட்டு போனப் புடி.”

டாக்டரம்மா இரண்டு பாதங்களையும் காட்டச் சொன்னார். டிரைவர் வலது காலை நீட்டினார். அடுத்தது என்றதும் அதையே மடக்கி மறுபடி நீட்டினார். படமோ கட்டம் கட்டமாக உடைந்துகொண்டிருந்தது, டாக்டரம்மாவுக்கோ அடுத்த ஆள் காத்திருந்தார். போனைப் பிடித்திருந்த மனைவி அதை மெதுவாகப் புண் பக்கம் திருப்பினாள். டிரைவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார்.

“ரெண்டு காலும் நல்லா இருக்கு,” என்றார் டாக்டரம்மா.

அந்த ‘நல்லா இருக்கிற’ இடது கால் அவரைக் காய்ச்சலில் கொண்டுபோய்த் தள்ளியது. ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அவர் அவளைக் கிட்டே கூப்பிட்டார். “நான் ஏமாத்தினேன்னு தெரிஞ்சா கம்பெனி கையக் கழுவிரும். நீதான் தெரியாம மாத்திக் காட்டிட்டேன்னு சொல்லிரு.”

வீட்டுக்காகத்தானே என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் போல ஒரு முட்டாள்தனம் உண்டா? கம்பெனிக்காகச் சொன்ன பொய் சொந்தக்காரர்களுக்கும் போயிற்று. சொல்லிச் சொல்லிக் கடைசியில் டிரைவரே அதை நம்பிவிட்டார்.

“ஒரு போனப் புடிக்கத் துப்பில்ல, என் தம்பி கால முழுங்கிட்டா,” என்றாள் நாத்தனார், எல்லோர் முன்னாலும். டிரைவரும் அதற்கு ஆமாம் போட்டார். பெற்ற மகள்கூட அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே டாக்டரம்மாதான். அவர் வீடியோவில் வரவிருந்த அன்று காலை, டிரைவரின் உடம்பைத் துடைத்துவிடும்போது வலது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு வெடிப்பைப் பார்த்தாள். ஓரம் கறுத்து, நீர் கோத்திருந்தது. அவருக்கு உணர்வும் இல்லை, குனிந்து பார்க்கவும் முடியாது. டாக்டரிடம் முதல் வேலையாக இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள்.

டாக்டரம்மா குழந்தையிடம் பேசுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். “அம்மா, இந்தத் தடவையாவது சரியாக் காட்டணும். புரியுதா?”

“நல்லாச் சொல்லுங்க டாக்டர். என் காலத் தின்ன பெறகும் இவளுக்குப் பசி அடங்கல,” என்றார் டிரைவர்.

அவளுக்குள் ஏதோ அறுந்துவிட்டது. கோபம்கூட வரவில்லை. இந்த மனிதன் மேல் இனி எதுவுமே இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது. வெட்டிய இடத்தைக் காட்டினாள். பிறகு வலது பாதத்தை மேலிருந்து காட்டினாள்.

“வெரலுக்கு நடுவுல பாத்தீங்களா? புண்ணு, வெடிப்பு எதாவது?”

“பாத்தேன் டாக்டர். சுத்தமா இருக்கு.”

“கை ஆடாமப் புடிச்சிருக்கீங்கம்மா. இப்படித்தான் இருக்கணும்.”

“இப்பவாவது புத்தி வந்துச்சே,” என்றார் டிரைவர்.

அவள் போனை அணைத்துவிட்டு, காலுறையை எடுத்து அந்த வலது காலில் மாட்டிவிட்டாள்.